சாவா மூவாப் பேராடும் ஒரு சரித்திர ஆசிரியையும்

'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு மணிமங்கலம் மறந்திருக்காது. போர்க்களத்தில் மகேந்திர பல்லவர் காயம்பட்டாரே, அந்த மணிமங்கலந்தான்! 1944 முதல் 1946 வரை 'கல்கி'யில் அந்தத் தொடர்கதை வந்த நாளில், பத்திரிகை வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டிமார் உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த ஊரை நேரில் போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? தாம்பரத்தில் பஸ் ஏறினால் முடிச்சூர் வழியாகக் கொஞ்ச நேரப் பிரயாணந்தான்.

நான் போய் வந்தேன். அரசுக் கல்லூரி ஒன்றில் சரித்திரம் போதிக்கும் சகோதரி ஒருவர் துணைக்கு வந்தார். பெயரையும் கல்லூரியையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏன் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

வழியெல்லாம் கம்பெனி பஸ்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் செய்து தள்ளுகிறார்களே, அந்தத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்கள். அந்த இரைச்சலைத் தாண்டி ராஜகோபாலப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்ததும் சகோதரியின் முகமே மாறிவிட்டது. "வீரராஜேந்திர சோழனுடைய ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இந்த ஊரில் கிடைத்ததுதான். கூடல்சங்கமத்திலே சாளுக்கியனை ஜயித்ததைச் சொல்வது" என்றார். 1067-68ஆம் வருஷத்துச் சங்கதி! இவ்வூர்க் கல்வெட்டுகளை ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1899லேயே புத்தகத்தில் பதிப்பித்துவிட்டாராம். சாளக்கிராமம்போல் நம்மூரிலேயே கிடந்ததை ஒரு ஜெர்மானியர் வந்து படித்துச் சொல்ல வேண்டியிருந்தது, பாருங்கள்.

"மகேந்திரர் விழுந்த இடம் எது?" என்று ஆசையாகக் கேட்டேன்.

சகோதரி சிரித்தார். "அது கதை. கூரம் செப்பேட்டிலே பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று மூன்று போர்க்களம் சொல்லியிருக்கிறது. ஜயித்தவர் மகன் நரசிம்மவர்மர். தோற்று ஓடிய புலிகேசியின் முதுகையே ஏடாக்கி அதிலே வெற்றி என்று எழுதினாராம்! கல்கி அந்தப் போரை அப்பா காலத்துக்குக் கொண்டுபோய்விட்டார். கதைக்கு அது வேண்டியிருந்தது. என் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலே இதைத்தான் சொல்வேன். கதையை ரசியுங்கள், ஆனால் செப்பேட்டையும் கேளுங்கள் என்று."

இப்படிப்பட்ட ஒருவரிடம் படிக்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. எம்.ஏ., டாக்டர் பட்டம், தேசியத் தகுதித் தேர்வு என்று எதிலும் குறைவில்லை. பன்னிரண்டு வருஷமாக வகுப்பெடுக்கிறார். ஆனாலும் அவர் உத்தியோகத்துக்குப் பெயர் 'கௌரவ விரிவுரையாளர்'. தற்காலிகம் என்பதைத்தான் அப்படிக் கௌரவமாகச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டின் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் இவ்வகையினர் 7,000 பேருக்கு மேல். 2025இல் இன்னும் 574 பேரை எடுக்க விண்ணப்பம் கேட்டபோது குறிக்கப்பட்ட தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாய். அதுவும் வருஷத்தில் பதினொரு மாதத்துக்குத்தான்.

"மே மாசத்திலே பல்லவனுக்கும் சோழனுக்கும் லீவு. எனக்குச் சம்பளத்துக்கும் லீவு. பால்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும் லீவு கிடையாது" என்றார் சகோதரி. உறவுக்காரர்கள் கல்யாணத்தில் 'புரொபசர் வந்திருக்கிறாள்' என்று முன் வரிசையில் உட்கார வைப்பார்களாம். பாங்கியில் வீட்டுக் கடன் கேட்கப் போனால், அதே புரொபசரை வரிசையிலேயே சேர்க்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2019லேயே, வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை என்று நிர்ணயித்தது. இங்கே அதில் பாதிதான். 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் குஜராத் வழக்கு ஒன்றில், மாதம் 30,000 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் உழைத்த உதவிப் பேராசிரியர்களுக்கு அந்தப் பதவிக்குரிய ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தையாவது கொடுக்க வேண்டும் என்றது. மேடைகளில் குருவைப் பிரம்மா, விஷ்ணு என்று துதித்தால் மட்டும் போதாது என்றும் நீதிபதிகள் இடித்துரைத்தார்கள். நிரந்தர இடம் கிடைத்தால் தொல்லையே இல்லையே என்பீர்கள். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர்களுக்கு அறிவிப்பு வந்தது. பரீட்சை தள்ளித் தள்ளிப் போயிற்று. 2025 அக்டோபரில் 2,708 இடங்கள் என்று மறுபடி புது அறிவிப்பு!

ஆனால் சம்பளத்தை விடவும் சகோதரிக்கு வேறு ஒரு மனக்குறை. மாணவிகளைக் கூட்டிக்கொண்டு இந்தச் சுற்றுவட்டாரத்துக் கோயில் கல்வெட்டுகளையெல்லாம் பார்த்து, எது இருக்கிறது, எது சுண்ணாம்புக்குள் போயிற்று என்று ஒரு ஜாபிதா தயாரிக்க ஆசை. "இரண்டு வருஷத்து வேலை. ஏப்ரல் வரைக்கும் இருக்கிறவள் எப்படி ஆரம்பிக்கிறது?" என்றார். பன்னிரண்டு ஏப்ரல்கள் இப்படியே போய்விட்டன. கணக்குப் பார்த்தால் ஆறு ஜாபிதா தயாரித்திருக்கலாம்!

பிராகாரத்தில் உட்கார்ந்து கொண்டுபோன புளியோதரையைப் பிரித்தபோது அவரே ஒரு வேடிக்கை சொன்னார். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடு விடுவார்களாம். மேய்க்கிறவர் தினம் நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வந்து கணக்கை நிரப்பிவிடும் என்பதால் அதற்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. தர்மம் எதுவானாலும் 'சந்திராதித்தவல்', அதாவது சந்திர சூரியர் உள்ளவரை, என்று கல்லில் வெட்டிவிடுவார்கள்.

"அந்தக் காலத்து ஆட்டுக்குக் கூட நிரந்தர உத்தரவு இருந்தது" என்று சொல்லிவிட்டு இலையை மடித்தார். நான் சிரித்தேன். பிறகு சிரித்திருக்க வேண்டாமோ என்று பட்டது.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் கம்பெனி யூனிபாரம் போட்ட பெண் ஒருத்தி ஓடி வந்தாள். பழைய மாணவி.

"மேடம்! இன்னும் அதே காலேஜ்தானா?"

"இந்த ஏப்ரல் வரைக்கும் அதேதான், அம்மா."

கம்பெனி பஸ் வந்துவிட்டது. படியில் காலை வைத்தவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "மேடம், புலிகேசி முதுகிலே எழுதினது நரசிம்மர்தானே? மகேந்திரர் இல்லையே? ஷிப்டிலே எல்லாரும் என்னோடே சண்டை பிடிக்கிறாங்க!"

"நரசிம்மர்தான். கூரம் செப்பேடு என்று சொல்லு!" என்று பஸ்ஸின் பின்னாலேயே சகோதரி கத்தினார்.