கிரே கார்டன்ஸும் மால்ச்சா மகாலும்

டொராண்டோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், லாரன்ஸ் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நான் குடியிருக்கிறேன். தெரு முழுக்க 1950களில் கட்டிய ஒற்றைத்தள வீடுகள். அவற்றில் ஒரு வீட்டின் திரைச்சீலைகள் எப்போதும் மூடியே இருக்கும். கோடையில் வாசல் புல் முழங்கால் வரை வளர்ந்து நிற்கும். (இங்கே புல் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பலாம்.) உள்ளே வயதான ஒரு அம்மாவும் அவர் மகளும் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் பெரிய பணக்காரர்களாம். யார் சொன்னது என்று கேட்டால் பதில் இல்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு 'கிரே கார்டன்ஸ்' ஞாபகம் வரும்.

ஆல்பர்ட், டேவிட் மேசில்ஸ் சகோதரர்கள், எலன் ஹோவ்டே, மஃபி மேயர் ஆகியோருடன் சேர்ந்து இயக்கிய ஆவணப்படம் அது. வெளிவந்த ஆண்டு 1975. நியூயார்க் மாநிலத்தில், கடலோரப் பணக்கார ஊரான ஈஸ்ட் ஹாம்ப்டனில் ஒரு பெரிய மாளிகை. அதில் எடித் பூவியே பீல் என்ற அம்மாவும் அதே பெயர் கொண்ட மகளும். முன்னாள் அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலினுக்கு அம்மா அத்தை முறை, மகள் அத்தை மகள். கணவர் பிரிந்து போனார், பணம் கரைந்தது, 1952இல் மகள் அம்மாவிடமே திரும்பி வந்தார். 1971இல் சுகாதாரத் துறையினர் உள்ளே நுழைந்தபோது வீடு குப்பைமேடாகியிருந்தது. செய்தி பத்திரிகைகளில் வந்த பிறகு ஜாக்குலின் குடும்பத்தார் செலவழித்துச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். படப்பிடிப்பு அதற்குப் பிறகுதான்.

படத்தில் கதை என்று எதுவும் இல்லை. அம்மா கட்டிலில் இருந்தபடியே சோளம் வேகவைக்கிறார். மகள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கேமராவுக்கு முன் ஆடுகிறார். பரணில் வசிக்கும் ரக்கூன்களுக்கு ரொட்டி போடுகிறார். நடுநடுவே பழைய சண்டை: நீ ஏன் திரும்பி வந்தாய், என் கல்யாணத்தைக் கெடுத்தது யார்? இருவரும் சொல்வது ஒத்துப்போவதில்லை. இயக்குநர்கள் எது நிஜம் என்று விசாரிக்கவும் இல்லை. பாவப்பட்ட இரண்டு பெண்களைக் காட்சிப்பொருளாக்கிவிட்டார்கள் என்று அப்போதே எதிர்ப்பு வந்தது. எனக்கும் முதல்முறை பார்த்தபோது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் மகளுக்குப் படம் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கேமராவை அவர்தான் விரும்பி அழைக்கிறார், அதனிடம் அம்மாவைப் பற்றிக் கோள் சொல்கிறார், அதற்காக உடை மாற்றிக்கொண்டு வருகிறார்.

இதைப் பார்த்துவிட்டு நம் பக்கத்தில் இப்படி யாராவது உண்டா என்று யோசித்தால், டெல்லியின் மால்ச்சா மகால் உண்டு. சாணக்கியபுரியை ஒட்டிய காட்டுக்குள், 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் கட்டிய வேட்டை மாளிகை அது. அங்கே வாழ்ந்தவர்கள் பேகம் விலாயத் மகால், மகள் சகீனா, மகன் சைரஸ்.

1970களில் ஒருநாள் விலாயத் பிள்ளைகள், வேலைக்காரர்கள், நாய்கள், கம்பளங்களோடு புதுடெல்லி ரயில் நிலையத்துக்கு வந்து முதல் வகுப்புக் காத்திருப்பு அறையில் குடியேறினார். 1856இல் பிரிட்டிஷார் பறித்த அவத் நவாபின் வாரிசு தாம் என்றும், சொத்தைத் திருப்பித் தரும்வரை நகர மாட்டேன் என்றும் அறிவித்தார். இந்திரா காந்தி அரசு மன்னர் மானியத்தை ஒழித்தது 1971இல். அதனால் ராஜவம்சக் குறைகள் அப்போது சூடான செய்தி. (அவத் 1947இல் சமஸ்தானமாகவே இல்லை, அதற்கு மானியமும் கிடையாது.) பேகத்திடம் யாரும் நேராகப் பேச முடியாது. கேள்வியைத் தாளில் எழுதி வெள்ளித் தட்டில் வைக்க வேண்டும், வேலையாள் அதை வாசித்துக் காட்டுவார். வெளியேற்றினால் விஷம் குடிப்பேன் என்று மிரட்டல் வேறு. லக்னோவின் ஷியா முஸ்லிம்கள் கொந்தளித்துவிடுவார்களோ என்று அரசு அஞ்சியது. கல்கத்தாவில் இருந்த நவாப் வாஜித் அலி ஷாவின் வழித்தோன்றல்கள் இவர்களை ஏற்கவில்லை. ஆனாலும் சுமார் பத்தாண்டு கழித்து, 1985இல், மால்ச்சா மகாலை ஒதுக்கிக் கொடுத்தார்கள். கதவு இல்லை, மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை.

அங்கே போன வெளிநாட்டு நிருபர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரே கட்டுரையைத்தான் எழுதினார்கள்: சிதைந்த அரண்மனை, வீழ்ந்த வம்சம், பெருமிதம் குலையாத முகங்கள். இதில்தான் எனக்கு ஆச்சரியம். அந்த இடிபாடு அவர்களுடையதே அல்ல. துக்ளக்குக்கும் அவத்துக்கும் எந்த உறவும் கிடையாது. சர்க்கார் ஒதுக்கிக் கொடுத்த பாழடைந்த கட்டடம் அது. புகைப்படத்தில் மட்டும் அந்த உடைந்த கல்லே பரம்பரைக்குச் சான்றிதழாகிவிட்டது.

விலாயத் 1993இல் தற்கொலை செய்துகொண்டார். வைரத்தைப் பொடித்து விழுங்கினார் என்றார்கள் பிள்ளைகள். சகீனா போன பிறகு தனியாக இருந்த சைரஸும் 2017இல் இறந்தார். அவரோடு பழகியிருந்த நியூயார்க் டைம்ஸ் நிருபர் எலன் பாரி, அதன் பிறகு, அதுவரை யாரும் செய்யாததைச் செய்தார்: விசாரித்தார். வீட்டில் கிடந்த கடிதங்களும் பணம் அனுப்பிய ரசீதுகளும் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் இருந்த மூத்த மகனிடம் அவரைக் கொண்டு சேர்த்தன. 2019இல் கட்டுரை வெளியானது. குடும்பப் பெயர் பட். விலாயத்தின் கணவர் இனாயத்துல்லா லக்னோ பல்கலைக்கழகத்தில் பதிவாளராக இருந்தவர். பிரிவினையின்போது பாகிஸ்தான் போனார்கள். அங்கே பிரதமர் ஒருவரை விலாயத் கன்னத்தில் அறைந்ததாகவும், அதனால் லாகூர் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டதாகவும் உறவினர்கள் சொன்னார்கள். சைரஸின் வீட்டுப் பெயர் மிக்கி.

ஆக ராஜவம்சம் பொய். ஆனால் லக்னோவில் வீடு வாசலோடு வாழ்ந்தது நிஜம், அதை இழந்ததும் நிஜம். 1947இல் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அப்படி இழந்தார்கள். ஒரு பதிவாளரின் மனைவி வீடு போயிற்று என்று ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தால் அன்று மாலையே போலீஸ்காரர் எழுப்பி அனுப்பியிருப்பார். பேகம் என்று சொன்னதால் பத்தாண்டு இருக்க முடிந்தது. அவர் கணக்குப் போட்டுத்தான் அப்படிச் சொன்னாரா, அல்லது லாகூர் வார்டிலிருந்து வெளியே வந்தபோதே நம்பத் தொடங்கிவிட்டாரா? எனக்கு இரண்டாவது என்றே படுகிறது. வெறும் கணக்காக இருந்தால் தண்ணீர்க்குழாய் உள்ள வீட்டையாவது கேட்டு வாங்கியிருப்பார். சகீனாவும் சைரஸும் பாவம். அம்மாவின் கதையிலிருந்து இறங்கிப்போக அவர்களுக்குச் சொந்தக் கதை எதுவும் இருக்கவில்லை.

ஈஸ்ட் ஹாம்ப்டன் மகளுக்கு அது வாய்த்தது. 1977இல் அம்மா இறந்தார். இடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1979இல் வீட்டை விற்றுவிட்டு வெளியேறினார், 2002 வரை வாழ்ந்தார். வாங்கியவர்கள் வீட்டைச் செப்பனிட்டார்கள். மால்ச்சா மகாலுக்கு 2023இல் டெல்லி சுற்றுலாத் துறை பேய் பார்க்கும் நடைப்பயணம் தொடங்கியது.

எங்கள் தெருவில் போன வாரம் அந்த வீட்டுப் புல்லை யாரோ வெட்டியிருந்தார்கள். திரைச்சீலை மட்டும் அப்படியே இருக்கிறது.