ஆர்சி டிரக்குக்கு ஒரு நிஜ பிரேக்

பேட்டரியில் ஓடும் ஆர்சி டிரக்கில் பிரேக் பிடிப்பது எது? பலரும் "மோட்டார்தான்"னு சொல்வீங்க. சரிதான். ரிமோட்டில் பிரேக் அழுத்தியதும் ஸ்பீடு கன்ட்ரோலர் மோட்டாரின் சுற்றுகளை ஷார்ட் செய்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, தன்னைத்தானே தடுக்கும். ஆனால் வேகம் குறையக் குறைய அந்தத் தடையும் குறையும். சரிவில் நிறுத்தினால் வண்டி மெல்ல உருளும். கன்ட்ரோலர் செத்துட்டா பிரேக்கும் போச்சு.

இது விளையாட்டு விஷயம் இல்லைங்க. 4 கிலோ டிரக் 50 கிமீ வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 385 ஜூல். அதே டிரக்கை மூணாவது மாடியிலிருந்து கீழே போட்ட மாதிரி. தெருவில் குழந்தைகள் நடமாடும்போது இதை யோசிச்சுப் பாருங்க.

அதனால்தான் நான் நைட்ரோ வண்டிகளில் இருக்கும் டிஸ்க் பிரேக்கைப் பரிந்துரைக்கிறேன். டிஸ்க்கை எங்கே வைப்பது? சக்கரத்தில் வேண்டாம், நடு ஷாஃப்ட்டில் வைங்க. ஏன்னு கணக்குப் போடுவோம்.

டயரின் பிடிமானம் 0.8 என்றால், சறுக்காமல் கிடைக்கும் அதிகபட்ச பிரேக் விசை சுமார் 31 நியூட்டன். டயரின் ஆரம் 7 செமீ என்றால், சக்கரங்களில் மொத்தம் 2.2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். ஷாஃப்ட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே கியர் விகிதம் 3.5 இருந்தால், ஷாஃப்ட்டில் 0.63 போதும். மிச்ச வேலையை கியரே பார்த்துக்கும்.

பேட் உரசும் இடம் மையத்திலிருந்து 17 மிமீ தள்ளி இருக்குன்னு வைங்க. இரண்டு பக்கமும் பேட், உராய்வு 0.35 என்றால், அழுத்த வேண்டியது சுமார் 53 நியூட்டன். 2 மிமீ கேம் வழியாக அழுத்தினால், உராய்வு இழப்பைச் சேர்த்தாலும் சர்வோவுக்கு 2 கிலோ செமீ அளவுதான் வேலை. சாதாரண சர்வோவே தாங்கும்.

சூடு? 30 கிராம் எஃகு டிஸ்க் அந்த ஆற்றல் முழுவதையும் வாங்கினாலும், ஒரு தடவை நிறுத்தும்போது 26 டிகிரி அளவு ஏறும். அடுத்தடுத்து பிரேக் போட்டால் கூடிக்கிட்டே போகும். அதனால் டிஸ்க்குக்குக் காற்று படணும்.

இணைப்பு சுலபம். த்ராட்டில் சேனலை ஒய் கேபிளால் பிரித்து, ஒன்று கன்ட்ரோலருக்கு, ஒன்று சர்வோவுக்கு. கன்ட்ரோலரில் பிரேக்கையும் ரிவர்ஸையும் அணைச்சுடுங்க. பிரேக் கம்பியை ஒரு துளை வழியாக விட்டு, ஒரு திசையில் மட்டும் தள்ளும்படி காலர் போடுங்க. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கம்பி சும்மா நழுவும்.

கடைசியா, முக்கியமான விஷயம். சர்வோவுக்கும் கன்ட்ரோலரிலிருந்தே மின்சாரம் வந்தால், அது செத்தால் இதுவும் சாகும். ரிசீவருக்குத் தனி பேட்டரி கொடுத்து, கன்ட்ரோலரிலிருந்து வரும் சிவப்பு ஒயரைக் கழற்றிடுங்க. சிக்னல் போனால் பிரேக் பிடிக்கும்படி ஃபெயில்சேஃப் அமைங்க. நிஜ லாரியில் காற்றழுத்தம் போனால் ஸ்பிரிங் தானாகவே பிரேக்கைப் பிடிக்கும். அதே தத்துவம்தான்: எது பழுதானாலும் வண்டி நிற்கணும். முதலில் சக்கரத்தைத் தூக்கி வைத்து, ரிமோட்டை அணைச்சு சோதிச்சுப் பாருங்க. அப்புறம் தெருவுக்குப் போகலாம்.