பாடம் நின்றாலும் தவணை நிற்காது!

ஆன்லைன் படிப்போடு பொருளும் வாங்குவோர் உஷார்

குளத்தூர் தாலுகா ஆபீஸ் இருப்பது கீரனூரில். ஒரு காரியம் என்றால் பஸ் ஏறிப் போய் நேரில் கேட்டுவிடலாம். ஆனால் செல்போனில் படிப்பு விற்கிறவரை எந்த ஊரில் போய்த் தேடுவது?

இப்போது வெறும் பாடத்தை மட்டும் விற்பதில்லை. கூடவே பார்சலும் வருகிறது. ஆரி வேலை வகுப்பு என்றால் பிரேம், ஊசி, நூல், மணி. பிள்ளைகள் படிப்பு என்றால் டேப்லெட், புத்தகம்.

இதில் தப்பில்லை. ஊசி இல்லாமல் தையல் வருமா? கையில் பொருள் வந்தால் கொடுத்த காசுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் சிக்கலும் இருக்கிறது.

பைஜூஸ் கதை

நாடறிந்த உதாரணம் பெங்களூர் ‘பைஜூஸ்’ கம்பெனி. பாடத்தை டேப்லெட்டிலும் மெமரி கார்டிலும் ஏற்றி விற்றது. 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர்!

பெற்றோரைக் கடன் வாங்க வைத்துப் படிப்பை விற்கிறார்கள் என்று புகார் கிளம்பியது. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைவர் பைஜூ ரவீந்திரனுக்கு சம்மன் அனுப்பியது.

2024 ஜூலை 16-ந் தேதி கம்பெனியே திவால் நடவடிக்கைக்குள் போனது. கிரிக்கெட் வாரியத்துக்கு 158 கோடி ரூபாய் பாக்கி என்ற வழக்கில் பெங்களூர் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு அது.

கம்பெனி படுத்துவிட்டால் டேப்லெட் வீட்டில் கிடக்கும். சந்தேகம் கேட்க ஆள் இருக்காது. ஆனால் கடன் கொடுத்தது வேறு கம்பெனி. அவன் மாதாமாதம் கேட்பான்.

மத்திய அரசு எச்சரிக்கை

மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே எச்சரித்தது. பாடம் ஏற்றிய கருவி வாங்கினால் பில் கேளுங்கள். விவரம் தெரியாத கடனில் சேராதீர்கள். கணக்கில் இருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு வேண்டாம் என்றது.

பணம் கட்டும் முன் நீங்களும் கேளுங்கள். பொருளுக்கு எவ்வளவு, பாடத்துக்கு எவ்வளவு? பாடம் எத்தனை மாதம்? பிடிக்காவிட்டால் எந்தப் பணம் திரும்பும்? அதே பொருள் புதுக்கோட்டை கடைவீதியில் என்ன விலை? பிரித்துச் சொல்ல மறுத்தால் யோசியுங்கள்.

வீட்டில் இருந்தே வகுப்பு நடத்தும் தையல் அக்காமார்களும் கவனிக்க: பொருளுக்குத் தனி விலை, தனி ரசீது போட்டுவிட்டால் பின்னால் சண்டை வராது.

ஏமாந்தால் என்ன வழி?

1915-க்குப் போன் போடலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். குளத்தூர்க்காரருக்குப் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

பார்சல் வந்ததும் ஆசையாகப் பிரித்துப் பார்க்கிறோம். பில்லையும் பிரித்துப் பார்க்க வேண்டாமா?