தொட்டூ தீவின் தர்பூசணி

மாலத்தீவின் முதல் உல்லாச விடுதி 1972-ல் திறந்தது. பெயர் குரும்பா, திவேகி மொழியில் இளந்தேங்காய். நம் குரும்பையேதான். முப்பது அறை, பவளக்கல் சுவர், கீற்றுக்கூரை. கூரை வேய்ந்த கீற்று தீவிலேயே கிடைத்தது. சாப்பாட்டுக்கு, மீனும் தேங்காயும் போக, பெரும்பாலானவை கடல்தாண்டி வரவேண்டியிருந்தது.

மண்ணே இல்லையென்று சொல்லிவிட முடியாது. வடக்கு ஆரி பவளத்திட்டுப் பக்கம் தனித்து நிற்கும் தொட்டூ, பேர்போன தோட்டத்தீவு. அன்று அதன் சந்தை தலைநகர் மாலே. அதன் திருவிழா ரமலான். தர்பூசணி எழுபது எண்பது நாள் பயிர். ரமலானோ ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிறது. விதைப்பும் கூடவே நகரும். நோன்பு திறக்கும் வேளைக்குப் பழம் தலைநகரில் இருக்கவேண்டும். பிறையை எண்ணி விதைக்கிற வெள்ளாமை.

விடுதிகளைக் குடியில்லாத தீவுகளில்தான் கட்டினார்கள். விவசாயிக்கும் பயணிக்கும் நடுவே கடல் கிடந்தது. விடுதிச் சமையற்கட்டு கேட்பது ஆண்டு முழுக்க, ஒரே அளவில், ஒரே தரத்தில். சிறு தோட்டக்காரர் எங்கே போவார்? கேட்டதைக் கப்பல் கொடுத்தது. அதில் நமக்கும் பங்குண்டு: தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் காய்கறியும் வெங்காயமும் ஏற்றி மாலேக்குப் போகின்றன. படகுக்கு அங்கேயும் தோணி என்றுதான் பெயர். 2024-25-க்கு இந்தியா மாலத்தீவுக்கு ஒதுக்கிய வெங்காயம் 35,749 டன். முட்டை 42 கோடிக்கும் மேல். அங்கே வசிப்பவர்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து, ஐந்து லட்சத்துச் சொச்சம். 2024-ல் வந்த பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள்.

2009-ல் குடியிருப்புத் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களுக்கு வழி திறந்தது. என் கணக்கில், இத்தனை ஆண்டு விடுதிகள் செய்யாததை இந்த ஒரு மாற்றம் செய்தது. தொட்டூவில் இன்று பழம் பயணியைத் தேடிப் போகவேண்டாம். பயணி சைக்கிளை மிதித்துக்கொண்டு பப்பாளித் தோட்டத்துக்குள்ளேயே வருகிறார். வெட்டிவைத்த துண்டுகளை அங்கேயே தின்கிறார்.

ஆனால் தோட்டத்தில் குனிந்து நிற்பவர் பல இடங்களில் வங்கதேசத்துத் தொழிலாளி. பாத்தி இருந்த இடத்தில் அறை கட்டினால் கூடுதல் காசு என்ற கணக்கும் இருக்கிறது. பயிருக்குப் போடும் உரம் கரைந்து இறங்குவது, மணலுக்கடியில் மெல்லிய படலமாய்க் கிடக்கும் நன்னீருக்குள்.

காலைத் தட்டில் பப்பாளி பின்தோட்டத்துப் பழம். பக்கத்தில் ஆம்லெட், அதன் முட்டையும் வெங்காயமும் இன்னும் கப்பலில்தான் வருகின்றன.