குருதி எண்ணிக்கையும் தமிழும்

1860களில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மிஷனரி நோக்கு எதுவாயினும், தமிழில் இயலாதென்னும் வாதம் அன்றே வலுவிழந்தது. எனினும், அச்சுவேலி வெங்காயத் தோட்டத்துக் கூலிப்பெண் இன்று பெறும் குருதிப் பரிசோதனை அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளது.

அதன் மூன்று வரிகளை நாம் நோக்குவோம். செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைக் காவுகின்றது. கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு அது டெசிலீற்றருக்கு 12 கிராமிற் குறையின் குருதிச்சோகை. இதனை 'உடல்வாகு' என்பர்; பெரும்பாலும் அது கூலியின், உணவின் கணக்கே. வெண்குழியங்கள் தொற்றை எதிர்ப்பன. குருதியை உறையச்செய்யும் சிறுதட்டுகள் மைக்கிரோலீற்றரொன்றில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருத்தல் வேண்டும். டெங்குக் காய்ச்சலில் இவை 1,00,000இற்குக் கீழிறங்கின் வைத்தியசாலையில் தங்குதல் அவசியம். காய்ச்சல் தணியும் வேளையிலேயே குருதித் திரவம் கசியும் ஆபத்து மிகுகின்றது.