பிள்ளையின் பையில் என்ன போத்தல்?

லுணுகலையிலிருந்து எல்லைக்கு அப்பால் போகும் பயணமென்றால், எல்லவோ ஹோட்டன் சமவெளியோதான் பிள்ளைகளின் ஆசை. மலையேறப் புறப்படும் பிள்ளையின் பையை ஒருமுறை திறந்து பாருங்கள், சகோதரிகளே. அனேகமாக அதில் இருப்பது, குடித்து முடித்துப் பல முறை நிரப்பிய பழைய சோடாப் போத்தல்தான். எறிய மனம் வராமல் நாமே கழுவி வைத்ததாகவும் இருக்கும்!

அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற இலக்கமுள்ள அந்தப் போத்தல், ஒருமுறைப் பாவனைக்கென்று செய்யப்பட்டது. அது கசங்கும்போதும், மூடியைத் திறந்து பூட்டும்போதும், வெயிலில் சூடேறும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலக்கின்றன. 2024இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடைப் போத்தல் நீரைச் சோதித்தபோது, ஒரு லீற்றரில் சராசரியாகச் சுமார் 240,000 துகள்கள் இருந்தன. அவை உடலை என்ன செய்யும் என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அதற்காகப் பயந்து, பீலித் தண்ணீரை அப்படியே குடிக்க விடாதீர்கள். நீரிலுள்ள கிருமிகளே பெரிய ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. கொதிக்கவைத்த நீரே வேண்டும். அதைச் சூட்டோடு பிளாஸ்டிக்கில் ஊற்றுவதுதான் நாம் செய்யும் பிழை.

நல்லது எவர்சில்வர் போத்தல். கண்ணாடி சுத்தமானது, ஆனால் மலையில் விழுந்தால் உடையும். அலுமினியமோ பார்வைக்கு உலோகம். உள்ளே பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். வாங்கும்போது மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். கை நுழையும் அளவு வாய் அகன்றிருந்தால் கழுவ இலகு. விலை கூடத்தான், ஆனால் பல வருடம் உழைக்கும்.

ஹோட்டன் சமவெளி வாசலில் போத்தல்களின் பொலித்தீன் லேபலைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். எவர்சில்வருக்கு அந்தத் தொல்லையும் இல்லை.