'பாண்டு'ன்னா மக்கள்: ஒரு வார்த்தை பட்ட பாடு

வணக்கம் மக்களே! இன்னைக்கு எபிசோடோட தலைப்பே அந்த 'மக்கள்'தான்.

ஒரு மனுஷனை சூலு மொழியில 'உமுண்டு'ன்னு சொல்வாங்க. பல பேர் இருந்தா 'அபாண்டு'. காங்கோ பக்கம் லிங்காலாவுல 'மோட்டோ', 'பாட்டோ'. ஸ்வாஹிலியில 'ம்ட்டு', 'வாட்டு'. நடுவுல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இருந்தாலும் குடும்பச் சாயல் தெரியுதுல்ல? 1862-ல வெளிவந்த ஒப்பிலக்கண நூல்ல, ஜெர்மானிய மொழியியலாளர் வில்ஹெல்ம் பிளீக் இந்தக் குடும்பத்துக்கு 'பாண்டு'ன்னு பேர் வச்சது இந்தச் சொல்லை வச்சுத்தான்.

இதுல சுமார் 500 மொழிகள் இருக்கு. பேசுறவங்க 30 கோடிக்கும் மேல. இன்றைய நைஜீரியா-கேமரூன் எல்லைப் பகுதியிலிருந்து, 4,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பரவல் தொடங்கியதுன்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. ஒரே படையெடுப்பா இல்ல. தலைமுறை தலைமுறையா, கிழக்கேயும் தெற்கேயும் நகர்ந்திருக்காங்க.

இலக்கணம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. தமிழ்ல பன்மைக்கு 'கள்' கடைசியில ஒட்டும். இங்க முன்னாடி ஒட்டும். 'கண்டா'ங்கிற வேரை எடுத்துக்கோங்க. ஒருத்தர் முகண்டா, மக்கள் பகண்டா, மொழி லுகண்டா, அவங்க ராஜ்யம் புகண்டா. உகாண்டாங்கிற நாட்டுப் பேரும் இதே வேர்தான், ஸ்வாஹிலி வழியா வந்தது.

அந்த முன்னொட்டு பெயர்ச்சொல்லோட நிக்காது. கோட்ல ஒரு வேரியபிளோட டைப்பை மாத்தினா, அதைத் தொடுற எல்லா இடத்தையும் மாத்தணும்ல, அதே கதைதான். 'கிடாபு கிமோஜா கிமேஅங்குகா'ன்னா ஒரு புத்தகம் விழுந்திருக்கு. ரெண்டுன்னா 'விடாபு விவிலி விமேஅங்குகா'. 'கி' எல்லாம் 'வி' ஆயிடுச்சு. இத்தனைக்கும் 'கிடாபு' அரபியிலிருந்து வந்த சொல். அதோட முதல் எழுத்தையே முன்னொட்டா எடுத்துக்கிட்டாங்க!

ஆனா இந்த அழகான வார்த்தைக்கு தென்னாப்பிரிக்காவில் வேறொரு கதை நடந்தது. நிறவெறி அரசு, கறுப்பின மக்களை அரசு ஆவணங்கள்ல 'பாண்டு'ன்னு முத்திரை குத்தியது. 1953-ல வந்த சட்டத்தோட பேரே 'பாண்டு கல்விச் சட்டம்'. கறுப்பினக் குழந்தைகளைத் தனியா பிரிச்சு, தரம் குறைந்த படிப்பைக் கொடுக்கத்தான் அது. அந்தப் பள்ளிகள்ல ஆப்பிரிக்கான்ஸ் மொழியைத் திணிச்சதை எதிர்த்து, 1976 ஜூன் 16-ல சோவெட்டோ மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க. போலீஸ் அவங்களைச் சுட்டது. இன்னைக்கு அந்த நாள் அங்கே இளைஞர் தினம், அரசு விடுமுறை.

அதனாலதான் 'மக்கள்'னு அர்த்தமுள்ள வார்த்தையே அங்க பலருக்கு அவமானமா கேட்குது. பாண்டுங்கிறது ஒரு இனமும் இல்ல, ஒரே பண்பாடும் இல்ல. அது ஒரு மொழிக் குடும்பத்தோட பேர். 'பாண்டு மொழிகள்'னு தாராளமா சொல்லுங்க. ஆளைக் குறிப்பிடணும்னா, அவங்க தங்களை எப்படிச் சொல்லிக்கிறாங்களோ அப்படிச் சொல்லுங்க: சூலு, ஷோனா, முகண்டா. எது சரின்னு தெரியலையா, அவங்ககிட்டயே கேட்டுடுங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்!